குச்சவெளிக்குக் குடிபோனோம்



இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களில் எத்தனையோ பேர், கணவரின் தொழில் காரணமாகவோ பிள்ளைகளின் படிப்புக் காரணமாகவோ, பிறந்த ஊரை விட்டு வேறோர் ஊருக்குக் குடிபோனவர்களாக இருப்பீர்கள். இன்னும் சிலர் போகலாமா, போனால் எங்கே வீடு எடுக்கலாம் என்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் குடும்பமும் அப்படி யோசித்த ஒரு குடும்பம்தான். அந்தக் கதையைச் சொன்னால் உங்களில் ஒருவருக்காவது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

2017 நவம்பரில் எனக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. கிண்ணியாவில் மௌலவி ஆசிரியராக இருந்த நான், புதிய வருடத்தில் குச்சவெளியில் கடமையேற்க வேண்டும். இரண்டும் திருகோணமலை மாவட்டம்தான். ஆனால் கிண்ணியா நகரத்துக்குத் தெற்கே, குச்சவெளி வடக்கே. கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர்; அங்கிருந்து புல்மோட்டை வீதியில் குச்சவெளிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பஜ்ருத் தொழுத கையோடு புறப்பட்டு, நகரத்தில் பஸ் மாறி, ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடிக்கும்போது போய் நிற்பதென்பது ஒரு நாள் முடியும், ஒரு கிழமை முடியும். வருடக்கணக்கில் முடியுமா?

வீட்டில் விடயத்தைச் சொன்னேன். மனைவி உடனே ஒன்றும் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கிழக்கில் நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குத் தாய்வீட்டார் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். நாங்கள் இருந்த வீடு அவளுடைய உம்மாவின் வளவில் கட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ராத்தா, இந்தப் பக்கம் தங்கை. அந்த வளவில் வந்து சேர்ந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அது இடமாற்றம். அவளுக்கோ கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் மூன்று வீட்டை விட்டுப் போவது. இந்த வித்தியாசத்தை ஆண்களாகிய நாங்கள் பல நேரம் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வருடம் வேறொரு பயமும் இருந்தது. 2017ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் டெங்கு பரவியது. மார்ச் மாதத்தில் கிண்ணியா மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. உயிர்கள் போயின, பாடசாலைகளை மூடினார்கள். எங்கள் மூத்த மகளும் படுத்தாள். அவளுக்கு அப்போது 12 வயது. குருதிச் சிறுதட்டுக்கள் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போன அந்த இரவுகளில், திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் தாழ்வாரத்தில் நாங்கள் கேட்ட துஆக்களை அல்லாஹ் அறிவான். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை எழும்பினாள்.

ஆகவே இரண்டு நாள் கழித்து மனைவி வாய் திறந்தபோது முதலில் கேட்டது இதுதான்: “புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எங்க கொண்டு ஓடுறது?”

பிறகு மகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவற்றை எழுதினாள். வைத்தியசாலை, பாடசாலை, குடிநீர், பள்ளிவாசல், வேலி மறைப்புள்ள குளிக்கும் இடம், அக்கம்பக்கம். வாடகை கடைசி வரியில்தான் இருந்தது. நான் எழுதியிருந்தால் வாடகையைத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

டிசம்பர் விடுமுறையில் உம்மாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, இருவருமாகப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 2009 ஒக்டோபரில் அந்தப் பாலம் திறக்கப்படும் வரை ‘பாதை’யில்தான் நாங்கள் கடல் கடந்தோம். பாதைக்காகக் காத்து நின்ற காலத்தில் நகரம் தூரமாக இருந்தது. 396 மீற்றர் நீளப் பாலம் வந்த பிறகு அந்தத் தூரம் இல்லாமல் போயிற்று. “இன்னும் ஒரு 35 கிலோமீற்றர்தானே” என்று நான் ஆறுதல் சொன்னதும் அந்தத் தைரியத்தில்தான்.

முதலில் திருகோணமலை நகரத்தையே பார்த்தோம். நான் போய் வரும் தூரம் குறைகிறது. வைத்தியசாலை கைக்கெட்டும் தூரம். நல்ல பாடசாலைகள் உண்டு. ஜமாலியா போன்ற பகுதிகளில் நம்மவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். வீதியில் புள்ளிமான்கள் பயமில்லாமல் நடந்து திரிவதைப் பார்த்தால் பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள். தரகர் ஒருவர் காட்டிய வீடும் பார்வைக்கு அழகாகவே இருந்தது. வாடகையோ என் சம்பளத்தில் மூன்றில் ஒன்று. மனைவி சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. புதிதாக அடித்த சுண்ணாம்பையும் மீறி அது தெரிந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் வீடு அது. தரகர் அதைச் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

அடுத்து நிலாவெளி. நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வரும் கடற்கரை. அங்கே ஒரு வீட்டுக்காரர் மிக நேர்மையாகப் பேசினார். “மௌலவி, ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை தாராளமா இருங்க. மே மாசம் சீசன் தொடங்கினா வெள்ளைக்காரனுக்கு ஒரு நாளைக்குக் குடுக்கிற வாடகை, நீங்க மாசத்துக்குத் தாறதுக்குக் கிட்ட வரும்.” ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாயையும் பானையையும் தூக்குவது குடும்பத்துக்கு ஆகுமா? அவருக்கு நன்றி சொல்லி நடந்தோம்.

களப்பின் வாயில் இறக்கக்கண்டி. மீன்பிடித் தொழிலாளர்களான நம்மவர்கள் வாழும் ஊர். மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. கேட்காமலே ஒரு சகோதரி தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஆனால் காலியாக இருந்த ஒரே வீடு, கரையிலிருந்து எண்ணினால் நூறு அடி வைக்கும் தூரம்கூட இல்லை. “2004 டிசம்பர் 26இல இந்த வீடு எப்படி நிண்டது?” என்று மனைவி கேட்டாள். “இது அதுக்குப் பிறகு கட்டின வீடு, தங்கச்சி” என்றார் வீட்டுக்காரர். அந்தப் பதில் போதுமாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று 2005இல் ஒரு விதி வந்து, பின்னர் அது தளர்த்தப்பட்டது. விதி தளரலாம். கடல் அதை அறியாது.

குச்சவெளியைத் தாண்டி, மேலும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் போனால் புல்மோட்டை. கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் எடுக்கும் அரச தொழிற்சாலையால் பெயர்பெற்ற இடம். நம்மவர்களின் பெரிய குடியிருப்பு. கடைத்தெரு, பாடசாலைகள் எல்லாம் உண்டு. பலரும் எங்களுக்கு அதைத்தான் சொன்னார்கள். மனைவி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். “உங்களுக்கும் தினமும் பஸ், எனக்கும் உம்மாட்டப் போக 75 கிலோமீற்றர். ரெண்டு பேருக்கும் தூரமான ஊர எதுக்கு எடுக்கணும்?”

கடைசியில், முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்தோம்.

குச்சவெளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் மணல் நிலத்தில் ஊர். பனை, தென்னை, வேலி ஓலை. கடலோரப் பாறையில் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆயிரம் வருடங்களுக்கு முன்னரும் இங்கே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. தமிழர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். கடலமைதிக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து சிங்கள மீனவர்களும் வந்து வாடி அமைப்பதுண்டு. சிறிய அரச வைத்தியசாலை, பாடசாலை, பள்ளிவாசல், சில கடைகள். அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குப் பிறகு வீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் காட்டிய வீடு இரண்டு அறைகளும் ஒரு திண்ணையுமாக இருந்தது. கிணற்றில் வாளியை விட்டு அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர்! முற்பணம் கொடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இப்ப எல்லாக் கிணறும் இனிக்கும் மௌலவி. கச்சான் காலத்தில வந்து குடிச்சுப் பாருங்கோ.”

எழுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்த் தாய். ஆச்சி என்றுதான் ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அந்த ஒரு வார்த்தையில் எத்தனை அறிவு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கரையோர மணல் நிலத்தில் மழைநீர் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்புநீர் அதே கணக்கில் ஏறி வரும். நவம்பர், டிசம்பர் வாடை மழையில் எல்லாக் கிணறும் இனிக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடித்து நிலம் வரளும்போதுதான் கிணற்றின் உண்மைக் குணம் தெரியும். சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்த பல இடங்களில், அடியிலிருந்து மேலும் உப்பு ஏறியதும் இதனால்தான்.

முற்பணத்தைக் கொடுக்காமல் திரும்பினோம். ஜனவரியில் நான் மட்டும் போனேன். பள்ளிவாசலோடு இருந்த அறையில் தங்கி, வெள்ளி மாலையில் கிண்ணியாவுக்கு வந்து, ஞாயிறு திரும்புவேன். இரண்டு தவணைகள் இப்படிப் போயின. பிள்ளைகள் ஏங்கினார்கள்; செலவும் இரண்டாயிற்று. ஆனாலும் சகோதரிகளே, முடியுமானவர்கள் இப்படிச் செய்வது நல்லது என்றே சொல்வேன். ஓர் ஊரை ஒரு நாள் போய்ப் பார்த்து அறிய முடியாது. கடைசி பஸ் எத்தனை நாள் வராமல் விடுகிறது, எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, எந்த ஆசிரியர் பாடம் எடுக்கிறார் என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

காணி விடயத்தையும் அந்த மாதங்களில்தான் விசாரித்தேன். போரிலும் இடப்பெயர்விலும் பலரின் ஆவணங்கள் தொலைந்து போயின. சிலரிடம் உறுதி இருக்கிறது; சிலரிடம் அரச அனுமதிப்பத்திரம். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. வாங்கப் போகிறவர்கள் வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.

ஜூலையில் மனைவி வந்தாள். வாளியை இறக்கி அள்ளிக் குடித்தாள். முகம் சுருங்கியது. உவர்! குளிக்கலாம், துவைக்கலாம், குடிக்க முடியாது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்கிறதா என்றும் அளந்தாள். அது சரியாக இருந்தது. தண்ணீர்தான் சரியில்லை. திரும்பிவிடுவாள் என்றே நினைத்தேன். ஆச்சி தன் கிணற்றிலிருந்து ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தா. அது இனித்தது. இருபது யார் தூரத்தில் ஒரு கிணறு உவர், ஒரு கிணறு இனிப்பு. அல்லாஹ்வின் ஏற்பாடு அப்படி.

“குடிக்கிறதுக்கு இஞ்ச அள்ளுங்கோ பிள்ளை. கிணறு எனக்கு மட்டும் ஊறேல்லை” என்றா ஆச்சி.

பிறகு திண்ணையில் இருந்து தன் கதையைச் சொன்னா. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது காட்டுக்குள் ஓடியது, வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனது, மண்டபம் முகாம், அங்கிருந்து வேறொரு முகாம், திரும்பி வந்து திருகோணமலையில் ஓர் அகதி முகாம், கடைசியில் இந்த வளவு. “எட்டு இடம் மாறினன் பிள்ளை. ஒண்டைக்கூட நான் பாத்து எடுக்கேல்லை. இந்த வரிசையில இரு எண்டாங்கள், இருந்தம். நீங்கள் தண்ணியைக் குடிச்சுப் பாத்து வீடு எடுக்கிறீங்கள். குடுத்து வைச்சனீங்கள்.”

மனைவி அழுதுவிட்டாள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சில மணி நேரத்துக்குள் துரத்தப்பட்ட நம் சகோதரிகள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் யாரும் வீடு காட்டவில்லை. எங்கே குடியிருப்பது என்று யோசிக்கக் கிடைப்பதே ஒரு நிஃமத் என்பதை, மத்ரஸாவில் கற்ற நான் அந்தத் திண்ணையில்தான் உணர்ந்தேன்.

வீட்டைத் தேடுமுன் அயலவரைத் தேடு என்பது அரபுகளின் பழமொழி. வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மனைவி அதைச் செய்தாள். உவர்க்கிணற்று வீட்டையே எடுத்தோம்.

2018 ஓகஸ்டில் குடிபோனோம். அதற்கு முன் கிண்ணியாவில் கடைசி இரவு, பனூ ஸலமா குலத்தாரின் சம்பவத்தை நான் வீட்டில் சொன்னேன். அவர்களின் வீடுகள் மதீனாவின் ஓரத்தில், மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தூரத்தில் இருந்தன. பள்ளிக்கு அருகில் குடிவர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், அவர்கள் நடந்து வரும் காலடிகளுக்கு நன்மை எழுதப்படுவதாகவும் தெரிவித்தார்கள். நடந்து வருவதன் சிறப்புக்காக இதை எத்தனையோ ஜும்ஆவில் சொல்லியிருக்கிறேன். மனைவி கேட்டாள்: “நன்மைக்கு மட்டுந்தானா? வேற காரணம் இல்லையா?” கிதாபை எடுத்துப் புரட்டினேன். காரணம் இருந்தது. மதீனாவின் ஓரங்கள் ஆளின்றி வெறுமையாகிப் போவதை நபியவர்கள் விரும்பவில்லை என்று ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பில் வருகிறது. அந்த வரியை நான் எத்தனையோ முறை வாசித்தும் கடந்து போயிருக்கிறேன்.

ஓர ஊர்கள் எப்படி வெறுமையாகின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் நகரத்தில் இருந்து வருவார். இரண்டு மணி பஸ்ஸில் போய்விடுவார். மருத்துவ உத்தியோகத்தரும் அப்படியே. கொஞ்சம் வசதி வந்தவர்களும் பிள்ளைகளின் படிப்புக்காகப் போய்விடுவார்கள். மிஞ்சுபவர்கள் போக முடியாதவர்கள்தான்.

அங்கே இருந்ததன் பலனை நாங்கள் கண்டோம். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த அந்தக் கொடிய தாக்குதல்களுக்குப் பிறகு, நாடெங்கும் நம் பெண்கள் வெளியே இறங்கப் பயந்தார்கள். என் மனைவியும் தண்ணீர் அள்ளக்கூடப் போகவில்லை. இரண்டாம் நாள் ஆச்சியே குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தியாகும் வரை எங்கள் திண்ணையில் இருந்தா. ஒன்றும் பேசவில்லை. வீதியால் போனவர்கள் அவ அங்கே இருப்பதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

2022இல் நாட்டில் பெற்றோல், டீசல் இல்லாமற்போன மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் வர முடியாமல் தவித்தார்கள். நாங்கள் ஊரில் இருந்த நான்கைந்து பேர் நடந்துபோய் வகுப்புகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினோம். அந்த மே மாதத்தில்தான் என் மகளும் சாதாரணதரப் பரீட்சை எழுதினாள்.

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று எழுதி முடித்தால் அது உண்மையாகாது. மகள் நல்ல பெறுபேறு எடுத்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்க விரும்பினாள். அதற்கான வகுப்புகள் குச்சவெளியில் இல்லை. டெங்குக் காய்ச்சலில் தப்பிய அந்தப் பிள்ளையைத்தான் நாங்கள் கிண்ணியாவுக்கு, உம்மாவின் வளவில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு, தனியே அனுப்ப வேண்டியதாயிற்று. புறப்படும்போது அவள் சொன்னாள்: “வாப்பா, எல்லாருக்கும் சரியான வீடு பாத்தீங்க. எனக்கு அஞ்சு வருஷத்துக்குப் பொறகு என்ன வேணும் எண்டு பாக்கல்ல.” அவளுடைய உம்மும்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது ஆறுதல். ஆனாலும் அந்த வார்த்தை என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. மனைவியின் தாளில் ‘பாடசாலை’ என்று இருந்தது. அது எத்தனையாம் வகுப்பு வரை என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

ஆகவே, சகோதரிகளே! குடிபோகத் தீர்மானித்தால், வீடு பார்க்கக் கணவரை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை பாருங்கள். சுவரின் அடியைப் பாருங்கள். பிள்ளைகளின் இன்றைய வகுப்பை மட்டும் பார்க்காமல், இன்னும் ஐந்து வருடத்தில் அவர்கள் எந்த வகுப்பில் இருப்பார்கள் என்பதையும் எண்ணுங்கள். கையில் ஒரு வெற்றுப் போத்தலும் கொண்டு போங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சுவை பாருங்கள். முடிந்தால் அந்த வீட்டுக் கிணற்றில் மட்டுமன்றி, பக்கத்து வீட்டிலும் ஒரு மிடறு கேட்டு வாங்கிக் குடியுங்கள். தருகிறவரின் முகத்தில் அந்த ஊரின் பாதி தெரிந்துவிடும்.

ஆச்சிக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. கிணற்றில் அள்ளுவது என் மகன். முதல் குடம் ஆச்சி வீட்டுக்கு, இரண்டாவது எங்களுக்கு. வல்ல அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் விசாலமான வீட்டையும், நல்ல அயலவரையும், இனிக்கும் தண்ணீரையும் தந்தருள்வானாக. ஆமீன்.